முடிச்சு மட்டும் என்னுடையது

எனக்குக் கை சும்மா இருக்காது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்கள் குறையாகத்தான் சொல்வார்கள். அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் குசினி வாசலில் நின்று எதையாவது மடித்துக்கொண்டிருப்பேன். பிஸ்கட் பெட்டியின் வெள்ளித்தாள், புதுச் சேர்ட்டுக்குள் வரும் மட்டை, கேக் பெட்டி கட்டிய ரிபன், எதையும் எறிய மனம் வராது. என் கணவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. கப்பல் கட்டுகிற நைலோன் கயிறு தேய்ந்துபோனால் வெட்டி ஒதுக்கிவிடுவார்கள். அதில் ஒன்றிரண்டு முழம் கேட்டு வாங்கி வருவார். முறுக்கை அவிழ்த்தால் நீலமும் பச்சையும் செம்மஞ்சளுமாக இழைகள் பிரியும். உப்புப் போக ஊறவைத்து, உலர்த்தி, பழைய சீப்பால் வாரி எடுத்தால் பூக் கட்ட அதைவிட நல்ல சாமான் இல்லை.

பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையை ஒரு நீள மேசை அடைத்துக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் அதைச் சுற்றித்தான் உள்ளே வரவேண்டும். பெண் பிள்ளை பெரியவளாகிற சாமத்திய வீட்டுக்கு ஆலாத்தித் தட்டு, நத்தாருக்கு மாதா கோயில் பங்குச் சனங்கள் கேட்கிற நட்சத்திரக் கூடு, மூதூர்க் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகிற தட்டுகள் எல்லாம் அந்த மேசையில்தான் உருவாகும். ஆனால் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது தொட்டில் அலங்காரம். குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத் தொட்டிலில் இடுவார்களே, அந்தத் தொட்டிலுக்கு நான் பூக் கட்டினால் விருந்துக்கு வந்தவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுத் தொட்டிலைப் படம் எடுப்பார்கள். இதை மட்டும் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கோணலாக எது இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. ஒரு கல்யாண வீட்டில் தோரணம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கதிரையைப் போட்டு ஏறி, அவிழ்த்து, திரும்பக் கட்டிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன். கட்டினவர் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். என் தங்கச்சி சின்ன வயதில் ஒருமுறை கடதாசியில் வாத்து செய்தாள். அது வாத்தா பூனையா என்று அதற்கே தெரியாது. நான் அதைப் பிரித்து, ஒழுங்காக மடித்து, நல்ல வாத்தாகத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. யாராவது கேட்டால், "அதெல்லாம் அக்காட வேலை" என்பாள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சி கலியாணம் முடித்துக் கட்டைபறிச்சானுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு வயல். நல்ல மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். முதல் பிள்ளை தங்கவில்லை. அது ஆரம்பத்திலேயே போய்விட்டதால் வெளியில் பலருக்குத் தெரியாது. இரண்டாவது தரித்து வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறக்க முதல் பிள்ளைக்கென்று ஒன்றும் செய்யக்கூடாது, வாங்கவும் கூடாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் தொட்டில் அலங்காரம் பிள்ளைக்கு இல்லையே, தொட்டிலுக்குத்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு செய்யத் தொடங்கினேன். வெள்ளை லேஸில் மேற்கட்டி, சுற்றிவர இளம்பச்சைப் பூ. அதைவிட நல்லதாக இதுவரை நான் ஒன்றும் செய்ததில்லை. அதை விரித்துக் காட்டியபோது அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளையும் தங்கவில்லை.

நான் செய்ததால்தான் போனது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இல்லை என்று ஒருவரும் சொல்லாததுதான் எனக்கு வலித்தது. ஒரு பிள்ளை ஏன் போகிறது என்று டொக்டரிடம் கேட்டால் அவர் சொல்வார், அதில் லேஸும் பூவும் வராது. அது எனக்கு விளங்கும். விளங்கியும் அந்த மேற்கட்டியை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, எரிக்கவும் கை வரவில்லை. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். தங்கச்சி என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த அலுமாரிப் பக்கம் பார்க்காமல் நடப்பாள்.

மூன்றாவது தரித்தபோது டொக்டர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கச் சொன்னார். அதனால் என் வீட்டுக்கு வந்தாள். ஓட்டோவில் இருந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் செய்யப்படாது. ஒரு பூக்கூட. சொல்லிப்போட்டன்."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஒளிச்சு வைச்சுச் செய்யிறேல்ல."

"ஓம் எண்டுதானே சொல்லுறன்."

அவள் என்னை நம்பவில்லை. அடுத்த நாளே, நான் கடைக்குப் போயிருந்த நேரம், அலுமாரியைத் திறந்து பார்த்திருக்கிறாள். மடித்து வைத்த சீலைகள் இடம் மாறியிருந்தன. திரும்ப மடித்து வைத்தேன். கோபம் வந்ததுதான், ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுடன் சண்டை பிடிக்க ஏலாது.

அந்த மாதங்களைப் போல என் கை என்னை வேறெப்போதும் படுத்தவில்லை. கடைத்தெருவுக்குப் போனால் லேஸ் தொங்குகிற கடையைக் கண்டதும் தெருவின் மற்றப் பக்கம் கடந்துவிடுவேன். ஒருநாள் கடக்கவில்லை. உள்ளே போய் மஞ்சள் லேஸைத் தடவிக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "எத்தனை யார் வெட்ட அக்கா?" என்றார். "சும்மா பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கடையில் நான் சும்மா பார்த்த முதல் நாள் அதுதான். அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தார்.

தங்கச்சிக்குச் செய்ய முடியாததை எல்லாம் ஊருக்குச் செய்தேன். ஆலாத்தித் தட்டில் ஐந்து பூக் கேட்டவர்களுக்குத் தட்டுத் தெரியாமல் பூ வைத்தேன். நட்சத்திரக் கூட்டுக்கு வால் போதாதென்று வாலுக்கும் வால் வைத்தேன். கணவர் விறாந்தையைப் பார்த்துவிட்டு, "உம்மட கைக்கு ஒரு வேலையைத் தடுத்தா ஊரே பூவாப் போகுது" என்று பகிடி பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கச்சி பெரும்பாலும் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தபடி, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பு ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பாள், ஓரம் மடிக்கும்போது குனிந்து பார்ப்பாள். "உதை ஏன் உள்ளுக்கு மடிக்கிறீங்கள்?" என்று கேட்பாள். பொழுது போகவில்லைப் போலும் என்று நினைத்து நானும் சொல்லிக்கொடுப்பேன். உள்ளுக்கு மடித்தால்தான் பிசிர் வெளியில் தெரியாது, தோலில் உரசாது. அவள் தலையை ஆட்டிவிட்டுக் கடலை கொறிப்பாள்.

மூதூரில் இருந்து, நான் ராத்தா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அக்கா வந்தார். அவருடைய பல கல்யாணத் தட்டுகளை நான் செய்திருக்கிறேன். இப்போது மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, முடி இறக்குகிற விருந்துக்கு நீலமும் வெள்ளையுமாகத் தட்டுகள் வேண்டும் என்றார். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர், சிரித்த முகம். தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தங்கச்சிக்கு என்ன செஞ்சி வச்சிரிக்கீங்க புள்ள? ஒண்ணையும் காணல்லியே?"

நான் நூலைக் கடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி ஸ்டூலில் இருந்து காலை எடுத்தாள். ராத்தாவுக்கு அது போதும். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல், "அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்று சொல்லி அவள் தலையைத் தடவிவிட்டு நீல ரிபன் கதைக்குத் திரும்பினார். அவர் போன பிறகு தங்கச்சி மேசையில் கிடந்த நீல நூலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் என் மேசையில் சாமான் காணாமல் போகத் தொடங்கியது. முதலில் பசை துடைக்கிற துண்டு. அப்பா உடுத்துத் தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப்போன வேட்டியை நான் துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கி வைத்திருப்பேன். அதில் நல்லதாக ஒன்றைக் காணவில்லை. கணவர்தான் மோட்டார்சைக்கிள் துடைக்க எடுத்திருப்பார் என்று பிடித்துக்கொண்டேன்.

"நான் எடுக்கேல்லை."

"அப்ப நடந்து போனதா?"

"உம்மட குப்பைக்குள்ள ஆனை துலைஞ்சாலும் தெரியாது. என்னைக் கேக்கிறீர்."

பிறகு சின்ன ஊசி ஒன்று. ராத்தாவின் தட்டுகளுக்கு ஒதுக்கிய நீல நூல் வேறு, நான் தைத்ததற்கு மேலாகக் குறைந்திருந்தது. அதற்கும் அவரைத்தான் ஏசினேன். நீல நூலை வைத்துத் துறைமுகத்தில் என்ன செய்கிறீர்கள், கப்பலையா கட்டுகிறீர்கள் என்றும் கேட்டேன். தங்கச்சி கதிரையில் இருந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் மிட்வைஃப் அவளை ஏசினார். பிள்ளைக்கு உடுப்பு, தொப்பி, துவாய் எல்லாம் வைத்துப் பை கட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும், எந்த நேரமும் நோவு வரலாம் என்றார். "இவ்வளவு படிச்சும் உப்பிடி ஒரு பயமா?" என்று கேட்டார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு ஓம் ஓம் என்றாள். வீட்டுக்கு வந்து பையைக் கட்டினாள். தன்னுடைய சீலையும் சோப்பும் துவாயும் மட்டும்தான் அதற்குள் போயின. நான் உதவப் போனபோது பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பை அவளுடைய கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. கூட்டும்போது நான் தும்புத்தடியால் தட்டினால்கூட அறைக்குள் வந்து நிற்பாள்.

நாள் நிறைய முன்பே நோவு வந்துவிட்டது. ஒரு காலை, நான் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பிடித்தபடி குசினிக்குள் வந்தாள். அவள் முகமே சொல்லிவிட்டது. ஓட்டோவில் போகும்போது ஒரு கையால் என் கையையும் மறு கையால் அந்தப் பையையும் இறுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் வயலில் நின்றார். வாறன் என்ற ஒரு சொல்தான் கேட்டது.

மத்தியானத்துக்குப் பிறகு பிறந்தது. பெண். உயிரோடு பிறந்தது. ஆனால் மிகச் சின்னது. அழுகை பூனைக்குட்டிச் சத்தம்போல இருந்தது என்று தங்கச்சி பிறகு சொன்னாள். எங்களுக்குக் காட்டாமலேயே கொண்டுபோய்ச் சூடு காட்டுகிற கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பிழைக்குமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை சேற்றுக் காலோடு வந்து கேட்டார். பார்ப்போம் என்று பதில் சொன்னார்கள்.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் வார்டில் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நேர்ஸ் ஒருவர் வந்து, பிள்ளைக்குத் தொப்பி வேண்டும், கடைத் தொப்பி எல்லாம் பெரிது, சுகமான பழைய துணியில் சின்னதாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். தலையால்தான் சூடு போகுமாம்.

இத்தனை மாதம் கட்டிப்போட்ட கைக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. "ஒண்டும் செய்து வைக்கேல்லை மிஸ். நான் இப்ப போய்த் தைச்சுக் கொண்டு ஓடி வாறன்" என்று எழும்பினேன். செருப்பைக்கூட ஒழுங்காகப் போடவில்லை.

"அக்கா, நில்லுங்கோ."

தங்கச்சி சுவர்ப் பக்கம் இருந்து திரும்பினாள்.

"என்ர பையில, சீலைக்குக் கீழ பாருங்கோ."

பையை இழுத்துத் திறந்தேன். சீலை, துவாய், சோப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சொப்பிங் பை சுருட்டிக் கிடந்தது. அதற்குள் அப்பாவின் வேட்டித் துண்டு. அது ஒரு தொப்பி. நேர்ஸ் தொப்பி கேட்டிருக்காவிட்டால் நான் சட்டைப் பொக்கற் என்று நினைத்திருப்பேன். ஓரத்தில் நீல நூலில் தையல். ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது விரல் நகம் அளவு. ஆனால் ஓரம் முழுக்க உள்ளுக்கு மடித்திருந்தது. ஒரு பக்கம் தைக்காமல் திறந்து கிடந்தது, அதில் என் சின்ன ஊசி குத்தியபடி இருந்தது.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது கோபம்தான். அதை மறைக்கத் தேவையில்லை. என்னை ஒரு பூக்கூட மடிக்க விடாமல், அலுமாரி எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, என் துண்டையே எடுத்து, என் பக்கத்திலேயே இருந்து படித்து, இவள் தைத்திருக்கிறாள். என் கணவரை வேறு எத்தனை நாள் ஏசினேன்.

"செய்யப்படாது எண்டு நீதானே சொன்னனீ?"

"நான் முடிக்கேல்லையே" என்றாள். "முடிச்சாத்தானே செய்தது. அதுக்குத்தான் ஒரு பக்கத்தை விட்டு வைச்சனான்."

நேர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் பிரிச்சுப்போட்டு வடிவாத் தைச்சுத் தந்திருப்பீங்கள்."

தந்திருப்பேன்தான். அந்த நிமிடம்கூட என் பெருவிரல் நகம் அந்தப் பெரிய தையலுக்குக் கீழே போய் நின்றது. இழுத்தால் வந்துவிடும். வீட்டுக்குப் போய் ஒழுங்காகத் தைத்துக்கொண்டு வந்துவிடலாம். நேர்ஸுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

விரலை எடுத்தேன். தொப்பியை அவளிடம் கொடுத்தேன். தலையணையை முதுகுக்கு வைத்து அவளைச் சாய்த்து உட்காரவைத்தேன். நேர்ஸ் பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்.

அவள் தைத்தாள். ஊசியை வெளியில் இழுக்கும்போதெல்லாம் நூல் சிக்கியது. ஒரு தையலுக்கு இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டாள். நான் என் இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்து அதன்மேல் கைப்பையை வைத்துக்கொண்டேன். சரித்துக் குத்து, இறுக்காதே, துணி சுருங்குது, எல்லாம் வாய் வரை வந்து திரும்பிப் போயின. ஒரு மனிசி வாழ்நாளில் இதைவிட மெதுவாகத் தைத்திருக்கமாட்டாள்.

கடைசித் தையலும் போட்டு முடிந்தது. ஊசி நூலோடு தொங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு தொப்பியை என் பக்கம் நீட்டினாள்.

"முடிச்சை நீங்கள் போடுங்கோ அக்கா."

பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது. பார்ப்போம் என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகி, முப்பத்தொன்று கழித்து, சனம் கூடிச் சிரிக்கிற நேரத்தில் கேட்டிருந்தால் அது வேறு. இவள் இப்போது கேட்கிறாள்.

"என்ர கை வேண்டாமெண்டெல்லோ இருந்தனீ" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது, வந்துவிட்டது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. லேஸையும் அலுமாரியையும் நான் சொல்லவே தேவைப்படவில்லை.

"உங்கட கையில எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை அக்கா. என்ர வயித்திலதான் பயம்" என்றாள். "போடுங்கோ. நான் போட்டா அவிண்டுபோம்."

போட்டேன். இரண்டு தரம் சுற்றி, உள்ளுக்கு இழுத்து, நூலைப் பல்லால் கடித்தேன். எத்தனையோ ஆயிரம் முடிச்சுப் போட்ட கை, அன்றைக்கு கண் கலங்கியதில் அந்த நீல முடிச்சுத் தெரியாமல் தடவித் தடவிப் போட்டது.

பின்னேரம் மாப்பிள்ளையையும் என்னையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். தங்கச்சியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். உள்ளே குழாய்களுக்கு நடுவில் சிவப்பாக, என் உள்ளங்கையில் அடங்கும்போல, பிள்ளை கிடந்தது. தலையில் தொப்பி. ஒரு பக்கம் நெற்றிக்கு மேலே ஏறியும் மற்றப் பக்கம் காதை மூடி இறங்கியும் இருந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அந்த வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் கை எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியாது. தொப்பியை நேராக்கப் போய்க் கண்ணாடியில் முட்டியது.

"அக்கா," என்றாள் தங்கச்சி, "விடுங்கோ."

விட்டேன். பிள்ளை வீட்டுக்கு வரப் பல கிழமைகள் ஆயின. முப்பத்தொன்று எங்கள் வீட்டில் நடக்கவில்லை, அது ஆஸ்பத்திரியில் எண்ணாமலேயே கடந்து போயிற்று. பிறகு ஒருநாள் தொட்டில் கட்டினோம். என்ன வேண்டுமோ செய்யுங்கள் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள், நானும் விறாந்தை நிறையச் செய்தேன். சனம் வந்து தொட்டிலைப் பார்த்தது, வடிவு வடிவு என்று சொன்னது. பிள்ளை அந்தப் பூவுக்குக் கீழே அதே கோணல் தொப்பியோடு நித்திரை கொண்டது, அன்றைக்கு ஒருவரும் தொட்டிலைப் படம் எடுக்கவில்லை, பிள்ளையைத்தான் எடுத்தார்கள்.